துண்டுக்குள் ஐந்து

சுலோச்சனாவின் முகத்துக்குக் காப்பீட்டுக் கம்பெனி போட்டிருந்த விலை நாற்பது லட்சம் ரூபாய். அழகுக்காக என்று நினைத்தால் நீங்கள் சந்தைக்குப் புதுசு. அந்த முகத்தில் ஒன்றுமே தெரியாது. அதற்குத்தான் அந்த விலை. ஒரு தடவை லோடு வண்டி அவள் கால் பெருவிரலில் ஏறி இறங்கியது. எதிரே நின்ற சேலத்து வியாபாரிக்கு அது தெரியவே தெரியாது. விலையை முடித்து, முன்பணம் வாங்கி, அவரை வண்டியேற்றி அனுப்பிவிட்டுத்தான் அவள் கீழே குனிந்து பார்த்தாள்.

ரேட்டுக் கண்ணாடி வந்ததிலிருந்து ஈரோட்டுப் பக்கத்துப் பேட்டரிச் சந்தையில் எல்லாரும் இப்படித்தான். அந்தக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு எதிராளியைப் பார்த்தால் போதும். இமை துடிப்பதையும் கன்னம் இறுகுவதையும் எச்சில் விழுங்குவதையும் கூட்டிக் கழித்து, “வாயில் எண்ணூறு சொல்கிறான், மனசில் ஐந்நூற்று எழுபது” என்று காதோரம் போட்டுக் கொடுத்துவிடும். கண்ணாடி வந்த முதல் மாதம், பழைய பேட்டரி விற்றுப் பங்களா கட்டிய தரகர்கள் பங்களாவை விற்றுப் பேட்டரி வாங்கினார்கள். இரண்டாம் மாதம் சுதாரித்துக்கொண்டார்கள். முகமூடி போட்டவனிடம் எவனும் சரக்கெடுக்க மாட்டான். ஆகவே முகத்தையே மூடியாக்கிக்கொண்டார்கள். விலையைத் துண்டுக்கு அடியில் கொண்டுபோனார்கள். மாட்டுச் சந்தையில் புழங்கும் அதே முறைதான்: துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு எதிராளியின் விரல்களைப் பிடித்து விலை சொல்வது. எவ்வளவு கெட்டிக்காரக் கண்ணாடியும் துண்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

வியாபாரம் பிழைத்துக்கொண்டது. குழந்தைகளைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை. சிரிக்கிற முகத்தைப் பார்த்துத்தான் குழந்தை சிரிக்கக் கற்கிறது. எந்நேரமும் இடுப்பில் உட்கார்ந்து இருநூறு கல்முகங்களைப் பார்த்து வளர்கிற குழந்தை என்ன கற்கும்?

சுலோச்சனாவின் மகள் மின்மினிக்கு இருபத்திரண்டு மாதம். அந்த வியாழக்கிழமை காலை, பன்னிரண்டு பஸ் பேட்டரிகளுக்கு விலை முடிகிற நேரத்தில், சுலோச்சனா எதிராளியின் கையை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையோடு ஓடினாள். முடிகிற பேரத்தை அவள் விட்டுவிட்டுப் போனதைச் சந்தை அன்றைக்குத்தான் பார்த்தது. என்ன ஏது என்று அறிய நாலு தரகர்கள் பின்னாலேயே போனார்கள். அவர்கள் போவதைப் பார்த்து இன்னும் பதினைந்து பேர்.

அவள் போனது சந்தைக்குள்ளேயே இருந்த குழந்தை நலக் கூடத்துக்கு. அங்கே கூரையில் ஒரு கண் உண்டு. ரேட்டுக் கண்ணாடிக்கு அது அண்ணன் முறை; அதே மூளை, சர்க்கார் உத்தியோகம். கீழே படுக்கவைத்த குழந்தையைத் தொடாமலே அதன் நாடி, மூச்சு, சூடு, வலி, வளர்ச்சி எல்லாவற்றையும் படித்துச் சுவரில் எழுதும். மின்மினியைப் பார்த்து எழுதியது:

நாடித்துடிப்பு 158. மூச்சு 38. வலி 0. வளர்ச்சி: முகபாவம் தாமதம்.

“வலி இல்லைன்னு சொல்லுதே,” என்றாள் நர்ஸ் ஜெபராணி. திருநெல்வேலிக்காரி. மாற்றலாகி வந்து நாலு மாதம் ஆகிறது. நினைப்பதெல்லாம் முகத்தில் ஓடும். சந்தைக்காரர்களுக்கு அவளை நேரே பார்க்கவே கூச்சமாக இருக்கும், குளித்துக்கொண்டிருக்கிற ஆளைப் பார்த்துவிட்ட மாதிரி.

“ரெண்டு தடவ கக்கிட்டாளுங்க சிஸ்டர். காலை மடக்கறா. சித்த நேரத்துல ஒன்னுமே இல்லாத மாதிரி கெடக்கறா. திருப்பியும் மடக்கறா.”

“நாடி வேற ஜாஸ்தியா ஓடுது.” ஜெபராணி சுவரைத் தட்டினாள். சுவர் விளக்கம் சொன்னது: நாடி உயரக் காரணம், சந்தை இரைச்சல். கால் மடக்கக் காரணம், விளையாட்டு.

“இதுக்கு மூளை கழண்டுபோச்சுங்களா?”

“மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் படிக்கும்போது நாங்களே பாத்து எழுதுவோம். மொகம், காலு, அசைவு, அழுகை, தூக்கினா அடங்குதான்னு அஞ்சு விஷயம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க்கு, மொத்தம் பத்துக்கு. இதுவும் அதத்தான் பாக்குது. ஆனா மொதல்ல மொகத்தப் பாக்கும். மொகம் பூஜ்யம்னா மிச்சத்த எல்லாம் வெளையாட்டுன்னு தள்ளிரும்.”

“எங்க புள்ளைகளுக்கு மொகம் எப்பவுமே பூஜ்யம்தானுங்களே?”

“அதத்தான் நாலு மாசமா மேல எழுதிப் போடுதேன். யாரு படிக்கா?”

“ஸ்கேன் பண்ணிப் பாத்துருங்க.”

“வலி நாலு வந்தாத்தான் அந்த ரூம் கதவே தெறக்கும்.”

“நாலு போட்டுருங்களேன். நீங்க போட்டா யாரு கேக்கப் போறாங்க?”

“என் கையில இல்லம்மா.” ஜெபராணி குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு பண்ணலாம். இது தாயோட மொகத்தையும் சேத்துத்தான் பாக்கும். நீங்க பயந்து போயிருக்கீங்கன்னு அதுக்குப் புரிஞ்சா மூணு நாலு ஏறும்.”

சுலோச்சனா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். சுவரில் புது வரி வந்தது. தாயின் கவலை: 0. ஐயம்: அக்கறைக் குறைவு.

கால் செருப்பை எந்த இடத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தாள் என்றுகூட அவளுக்கு நினைவில்லை. இது அக்கறைக் குறைவு என்றால், அக்கறை வந்தவர்கள் எப்படித்தான் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

“அழுவோணும், அவ்வளவுதானுங்களே?” என்றாள். வாயைக் கோணினாள். கண்ணைக் கசக்கினாள். “ஐயோ, என்ற புள்ளைக்கு இப்புடி ஆயிருச்சே!” என்று ஒரு பாட்டமே பாடினாள்.

சுவர் எழுதியது: நடிப்பு, 91 சதவீதம்.

பின்னால் யாரோ செருமினார்கள். மகனுக்குத் தடுப்பூசி போட வரிசையில் நின்ற கருப்பணன். சந்தையில் சுலோச்சனாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கிற தரகன்; அந்த அடுத்த இடம் அவனுக்கு ஆறு வருஷமாக முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

“ஏனுங்க்கா, போன வாரம் ‘இந்த ரேட்டுக்குக் குடுத்தா என்ற குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும்’னு எங்கிட்ட அழுதீங்களே, அது இதவிட நல்லா இருந்துச்சுங்க.”

“வாய மூடு கருப்பணா.”

அவள் குரலில் எதுவுமில்லை. ஆனால் மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை, கட்டை விரல் வரை வெளுத்திருந்தது. கருப்பணன் அதைப் பார்த்தான். தரகன் கண் கையைத்தான் முதலில் பார்க்கும். அவன் முகமும் மாறவில்லை, அவனும் அந்தச் சந்தைக்காரன்தானே. கூடத்தில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, “அத்தன பேரும் கண்ணாடியக் கழட்டுங்க. செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க. எவனாச்சும் திரும்பினீங்க, அடுத்த வாரம் சரக்கு கெடைக்காது,” என்றான். அப்புறம் அவளிடம், “அழுங்க்கா. சத்தியமா நாங்க யாரும் பாக்கல. உங்க நாப்பது லட்சம் அப்புடியே இருக்கும்,” என்றான்.

வேட்டியும் லுங்கியும் கால்சட்டையுமாக இருபது தரகர்கள் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். வாத்தியார் தண்டனை கொடுத்த வகுப்பு மாதிரி இருந்தது.

சுலோச்சனா உண்மையிலேயே அழப் பார்த்தாள். நாற்பது லட்சம் போகட்டும், நாலு கோடியும் போகட்டும் என்று முகத்துக்குச் சொன்னாள். முகம் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கட்டிய கரை. உள்ளே தண்ணீர் தளும்ப நின்றது. மதகு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. கடைசியாக எப்போது மின்மினியைப் பார்த்துச் சிரித்தோம் என்று யோசித்தாள். மனசுக்குள் சிரித்த தடவைகள் ஏராளம். அது குழந்தைக்கு எப்படித் தெரியும்?

“வரலீங்க சிஸ்டர்,” என்றாள்.

அந்த நேரத்தில்தான் சட்டென்று திரும்பி, “வந்துருச்சு!” என்றாள்.

“என்னது, அழுகையா?”

“இல்லீங்க. வலி. புள்ளைக்கு மறுக்கா வந்துருச்சு.”

ஜெபராணி குழந்தையைப் பார்த்தாள். மின்மினி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, வட்டிக்கு விட்டவள் மாதிரி அமைதியாகப் படுத்திருந்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியுது?”

சுலோச்சனாவுக்கே அதுவரை தெரியாது. குனிந்து பார்த்தாள். அவள் தோளிலிருந்த துண்டு சரிந்து மேசையில் கிடந்தது. அதற்கு அடியில் அவள் கையும் குழந்தையின் கையும் இருந்தன. காலையில் பஸ் பேட்டரி பேரத்தின்போதும் இப்படித்தான். வலது கை விலை பேசியது. இடது கை துண்டுக்குள் மகளிடம் இருந்தது. அந்த நொடியில் பேரத்தை விட்டு ஓடி வந்தது ஏன் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

“விரலப் புடிப்பாளுங்க,” என்றாள் மெதுவாக. “முறுக்கு வேணும்னா ஒரு விரல். கொஞ்சம் போதும்னு அர்த்தம். நெறைய வேணும்னா கை முழுக்கப் புடிப்பா. யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. இடுப்புல உக்காந்துட்டே நாங்க பண்றதப் பாத்துட்டு… இப்ப அஞ்சும் புடிக்கறா. நீங்க கைய உள்ள வெய்யுங்க. சித்த பாருங்க.”

ஜெபராணி துண்டுக்குள் கையை விட்டாள். சுலோச்சனா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திறந்த முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் ஏறியது. பிறகு பல்லைக் கடித்தாள். சின்ன நகங்கள் நல்ல ஆழம் போயிருக்க வேண்டும். பிறகு கண் கலங்கியது. ஒரு நிமிஷம் கழித்து நெற்றி மெல்லத் தளர்ந்தது.

“விட்டுட்டா,” என்றாள் ஜெபராணி. கையை வெளியே எடுக்கவில்லை. இன்னும் தணிந்த குரலில், “நீங்க விடல. நீங்களும் என் விரலு அஞ்சையும் புடிச்சிருக்கீங்க,” என்றாள்.

சுலோச்சனா துண்டுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

ஜெபராணி கடிகாரத்தை மேசையில் வைத்துக் காத்திருந்தாள். பன்னிரண்டாவது நிமிஷம் சின்னக் கை மறுபடி கவ்வியது. அடுத்தது பதினோரு நிமிஷத்தில். இடையில் குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். வலப்பக்கம் ஒரு உருளை தட்டியது.

“விட்டு விட்டு வருது. இது கொடலு. முழுக்கைச் சட்டையக் கழட்டும்போது கையி உள்ளுக்குள்ள சொருகிக்கிடுமே, அது மாதிரி கொடலு தனக்குள்ளயே சொருகிக்கிடும். சீக்கிரம் பாத்தா காத்தடிச்சே நிமித்திரலாம். சாயங்காலம் வரைக்கும் விட்டா அந்தத் துண்டுக் கொடலு அழுகிப்போகும்.”

சொல்லிக்கொண்டே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். திரையில் டாக்டர் பரணிதரன் வந்தார். பன்னிரண்டு கூடங்களுக்கு ஒரே டாக்டர்; முன்னால் ஆறிய காப்பி. கூரைக்கண் பூட்டிய கதவை அவர் கையெழுத்து திறக்கும். ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் மூன்று பக்க விளக்கம் எழுத வேண்டும். அதனால் அந்தக் கையெழுத்து லேசில் விழாது.

“வலி பூஜ்யம்னு இருக்கே சிஸ்டர்?”

“மொகம் பூஜ்யம் சார். கையி அஞ்சு.”

“கையா? அப்படி ஒரு அளவுகோலே கிடையாதே. ஃபாரத்தில எந்தக் கட்டத்தில போடுவீங்க?”

ஜெபராணிக்கு நியாயம் தெரியும், பேரம் தெரியாது. அவள் மறுபடி நியாயத்தையே சொல்ல வாயெடுத்தாள். சுலோச்சனா அவளை மெல்ல நகர்த்திவிட்டுத் திரைக்கு முன்னால் வந்தாள். சுவரோரம் நின்ற இருபது பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“கும்புடறனுங்க டாக்டர். ஒரு ஹெலிகாப்டர் அனுப்புங்க.”

“என்னது?”

“புள்ளையக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோவோணும். அங்க ஆப்பரேசன் தேட்டரக் கழுவி வெய்க்கச் சொல்லுங்க. சர்ஜன் மூணு பேரு.”

“அம்மா, விளையாடாதீங்க. வலி பூஜ்யம்னு காட்டற குழந்தைக்கு…”

“சரி, சரி. நீங்க கோவிச்சுக்காதீங்க. ஹெலிகாப்டர் வேண்டாம். ஆம்புலன்ஸ் குடுங்க. முன்னால ஒரு போலீசு வண்டி, பின்னால ஒன்னு.”

“போலீஸ் எதுக்கும்மா?”

“பின்னாடி வண்டிய வெட்டிருங்க. முன்னால ஒன்னு போதும். கொழந்த சர்ஜன் ஒருத்தரு. நீங்களும் கூட வந்துருங்க.”

“நானா? இங்கேருந்து உங்க சந்தைக்கே இருபது கிலோமீட்டர் இருக்கு. பன்னெண்டு சென்டர் பாக்கறேன். எப்படிம்மா வர முடியும்?”

“முடியாதுங்களா?”

“முடியாது.”

“எதுக்குமே முடியாதுன்னா எப்புடிங்க? நானும் இத்தன எறங்கி வந்துட்டேன். உங்களால என்னதான் குடுக்க முடியும்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். “பாருங்கம்மா. இருக்கிற ரூல்ல, என்னால செய்ய முடிஞ்சது ஒரே ஒரு ஸ்கேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க.”

சுவரோரம் கருப்பணனின் முதுகு சற்றே நிமிர்ந்தது. சுலோச்சனா உடனே சரி என்று சொல்லவில்லை. உடனே சரி சொன்னால், அதிகம் கொடுத்துவிட்டோமோ என்று கொடுத்தவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். மனசுக்குள் ஐந்து எண்ணினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வயசு கூடியது.

“நஷ்டந்தானுங்க,” என்றாள். “போகட்டும். உங்களுக்காக ஒத்துக்கறேன்.”

டாக்டர், பெரிய ஆபத்திலிருந்து தப்பித்த நிம்மதியோடு கையெழுத்துப் போட்டார். கதவு திறந்தது.

ஸ்கேனில் குடல், வெட்டிய வெங்காயம் மாதிரி வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிந்தது. திரையில் அதைப் பார்த்த டாக்டரின் காப்பி கவிழ்ந்தது. அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது, குழந்தை சர்ஜன் ஒருவரோடு. டாக்டர் பரணிதரனும் சட்டை பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார். வழிவிட முன்னால் ஒரு போலீஸ் வண்டி. ஹெலிகாப்டர் ஒன்றுதான் குறை.

அந்த ஸ்கேன் அறையிலேயே, பின்பக்கம் குழாய் வைத்து, குடலுக்குள் மெதுவாகக் காற்றடித்தார்கள். சுலோச்சனாவின் கை, பச்சைத் துணிக்கு அடியில் மகளிடம் இருந்தது. ஐந்து விரல். ஐந்து. ஐந்து. சர்ஜன் திரையைப் பார்த்து, “நகருது… நகருது…” என்றார். நான்கு. மூன்று. ஒரு விரல். பிறகு அந்தச் சின்னக் கை சும்மா, எதையும் பிடிக்காமல், அவள் உள்ளங்கையில் கிடந்தது.

“சரியாயிருச்சா?” என்றாள்.

“திரையில சரி. உள்ள அடிச்ச காத்து தானா வெளிய வந்துட்டா இன்னும் நிம்மதி,” என்றார் சர்ஜன்.

மின்மினியைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் படுக்கவைத்தார்கள். இரண்டு டாக்டர்கள், ஒரு நர்ஸ், இரண்டு போலீஸ்காரர்கள், இருபது தரகர்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காற்றுக்காகக் காத்திருந்தார்கள். இருபத்திரண்டு மாதக் குழந்தைக்கு இவ்வளவு பெரிய சபை எங்கே கிடைக்கும்?

மின்மினி ஏமாற்றவில்லை. லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். தொடர்ந்து, பஞ்சர் ஒட்டப் போகிற டயர் மாதிரி நீண்ட இசை. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. யாரோ விட்டது போல் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் பார்வை கருப்பணன் மேல் போய் நின்றது.

“நானில்ல!” என்று கத்திவிட்டான் கருப்பணன்.

முதலில் சிரித்தது சுலோச்சனா. துருப்பிடித்த மதகு ஒரேயடியாகப் பெயர்ந்தது. சிரிப்பும் அழுகையும் மூக்குச் சளியும் ஒன்றாய் வந்தன. கருப்பணன் சுவரில் சாய்ந்து சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து மற்றப் பத்தொன்பது பேரும். போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள். கூரைக்கண் அத்தனை முகங்களையும் ஒரே நேரத்தில் படிக்கத் திணறி, சுவரில் “பொறுத்திருக்கவும்” என்று எழுதிவிட்டு அணைந்துபோனது. மின்மினி, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக் கற்கிற குழந்தை வாயைப் பார்ப்பது போல் பார்த்தாள். பிறகு இடது பக்க உதட்டை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். வலது பக்கமும் போய்ச் சேர்ந்துகொண்டது.

சிரித்துச் சிரித்துத் தளர்ந்த முகங்களோடு தரகர்கள் சந்தைக்குத் திரும்பினார்கள். அன்று மத்தியானம் மட்டும் ரேட்டுக் கண்ணாடி போட்ட வெளியூர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து சுலோச்சனாவின் முகத்தைச் சோதித்து, விலையைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும் என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அவர் ஊர் போய்ச் சேரும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம், இதில் ஏதோ சூது இருக்கிறதென்று.

டாக்டர் பரணிதரன் மூன்று பக்க விளக்கத்தை முப்பது பக்கமாக எழுதினார். இரண்டு மாதத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: இந்தக் கூடத்தில் மட்டும், சோதனை முறையாக, ஃபாரத்தில் கைக்கென்று ஆறாவது கட்டம் சேர்த்துக்கொள்ளலாம். ஜெபராணி அதற்குத் தனி நோட்டுப் போட்டாள். மேசைமேல் சுத்தமான துண்டு ஒன்று எப்போதும் கிடந்தது. வலி சொல்கிற குழந்தைக்குத் தைரியம் கொடுக்க ஒரு யானை ஸ்டிக்கர் தருவது என்று ஏற்பாடு செய்தாள். திருநெல்வேலிக்காரி, இந்த ஊரில் எதையும் இப்படி முதலிலேயே கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் வியாழக்கிழமை நோட்டில் அவள் எழுதியது இது:

பார்த்த குழந்தைகள்: இருபத்தாறு.
கூரைக்கண் சொன்ன வலி: இருபத்தாறு பேருக்கும் பூஜ்யம்.
துண்டுக்குள் வலி சொன்னவர்கள்: பதினேழு.
அதில் நிஜ வலி: ஆறு. காது மூன்று, பல் இரண்டு, காலில் முள் ஒன்று. ஆறும் பார்த்தாயிற்று.
ஸ்டிக்கருக்காகச் சொன்னது: பதினொன்று. இதில் பத்துப் பேர் ஒரு யானையோடு ஒத்துக்கொண்டு இறங்கினார்கள்.
மீதி ஒன்று, மின்மினி. நாடி 112, மூச்சு 26, வயிறு மெத்தென்று இருக்கிறது, வலி கிடையாது. வளர்ச்சி: வயதுக்கு மீறியது. துண்டுக்குள் கேட்டது ஐந்து யானை. நான் கொடுத்தது இரண்டு. பாக்கி மூன்று. அடுத்த வியாழன் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சிரித்தாள், ஆனால் விரலை விடவில்லை.